செல்ஃப் எடுக்காத கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பதும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவதும்

சாவியைத் திருப்பியும் இன்ஜின் சுழலவில்லை என்றால் பலரும் முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் பழைய காரில் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு செல்ஃப் நின்றுபோனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து மோட்டாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். பதினைந்தாம் நாள் மீண்டும் அதே 'டக்'. கடைசியில் அகப்பட்டது, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே ஓடும் எர்த் கேபிளின் முனை. வெளிப்பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்த அந்த முனையின் கறுப்பு உறையைக் கத்தியால் கீறிப் பிரித்தபோது, உள்ளிருந்த செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது கேபிள் சற்று அசைந்து கொடுத்ததால்தான் அந்தப் பதினைந்து நாள் வண்டி ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகு என் கார்களிலும் உறவினர் நண்பர்களின் கார்களிலும் இந்தக் கோளாறைப் பலமுறை பார்த்துவிட்டேன். கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காமல் எழுதியதுதான் கீழே உள்ள வரிசை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும். செலவு கூடியது கடைசியில் வரும்.

## தொடங்குவதற்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பாக்ஸ் ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஜம்பர் கேபிள், சாவியைத் திருப்ப உதவியாக ஒருவர் ஆகியவை போதும். மோட்டார் கீழிருந்து கழற்றும் இடத்தில் இருந்தால் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரண மீட்டரின் ஆம்பியர் நிலை 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. செல்ஃப் எடுக்கும் நேரத்தில் சிறிய பெட்ரோல் கார் ஏறத்தாழ 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் வண்டி அதைவிடக் கூடுதலாக இழுக்கும். மின்னோட்டத்தை அளந்தே ஆக வேண்டும் என்றால் நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வழி.

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கை பிரேக் போடப்பட்டு, கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள்; மோட்டார் சில நொடிகள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, நீண்ட நேரம் அடித்தால் உள்ளே சூடேறிக் கருகிவிடும். சோதனையின்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க எரிபொருள் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கழற்றி வைப்பது வசதி. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள்கள் கண்ணில் படும் ஹைப்ரிட் கார் என்றால், 12 வோல்ட் பேட்டரியைச் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு பணிமனைக்கு அனுப்பிவிட வேண்டும்; அவற்றில் பலவற்றுக்கு நாம் அறிந்த வகை ஸ்டார்ட்டரே கிடையாது.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் அளவீடு

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். சாதாரண ஈய-அமில பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். முதலில் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிட்டுத்தான் அடுத்த படி. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது என்று பொருள். அந்த பேட்டரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, உதவியாளர் செல்ஃப் அடிக்கும்போது அதே இடத்தில் மீண்டும் அளவிடுங்கள். மிதமான தட்பவெப்பத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நின்ற நிலையில் 12.6 காட்டிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் 7, 8 வோல்ட்டுக்குச் சரிகிற பேட்டரி, மோட்டாரைக் கழற்ற வைத்து நம்மை ஏமாற்றும் பேட்டரி. ஓய்வில் காட்டும் அளவை மட்டும் பார்த்து 'பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு.

மீட்டர் இல்லாத இடத்தில் ஹெட்லைட்டே மீட்டர். விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு முற்றிலும் அணைந்துபோனால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு; நன்றாக மங்கினால் மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது, ஆனால் பேட்டரி சோர்ந்திருக்கிறது அல்லது மோட்டார் இறுகி நிற்கிறது; சிறிதும் மங்காவிட்டால் மின்சாரம் மோட்டாரை எட்டவே இல்லை, அல்லது எட்டியும் உள்ளே ஓட வழியில்லாமல் நிற்கிறது. கீழே வரும் பல கிளைகள் இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் பிரிகின்றன.

## அறிகுறி: டாஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை

இதில் ஸ்டார்ட்டருக்குப் பங்கே இல்லை. பேட்டரி டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசைந்தால் தளர்ந்திருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் முதலில் நெகட்டிவையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷால் தேய்த்து, காயவிட்டு இறுக்குங்கள். அதன் பிறகும் விளக்கு வராவிட்டால் பேட்டரியை ஒட்டியிருக்கும் பிரதான ஃபியூஸைப் பாருங்கள். அந்த ஃபியூஸ் உருகியிருந்தால் புதியதைப் போட்டுவிட்டு ஓட்டிப்போக வேண்டாம். எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, எங்கே என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

## அறிகுறி: விளக்குகள் எரிகின்றன, ஆனால் சத்தமே இல்லை

அவசரப்பட்டு பானட்டைத் திறக்க வேண்டாம். இருக்கையில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன. ஆட்டோமேட்டிக் கார் என்றால் பார்க்குக்குப் பதிலாக நியூட்ரலில் வைத்து முயலுங்கள். அதில் செல்ஃப் எடுத்தால் கியரின் நிலையறியும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் உள்ள வண்டியில் பெடலை அடிவரை மிதியுங்கள். பெடலுக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் மிதியடியால் கிளட்ச் சுவிட்ச் அழுந்தாமல் போய், கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட காரை நான் பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்; எரியாவிட்டால் பிரேக் பெடல் சுவிட்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயலுங்கள், அதுவும் பலிக்காவிட்டால் அதற்குரிய ஸ்கேனர் உள்ளவரிடம் போக வேண்டியதுதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு வாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கும். பல கார்களில் ஹாரனுக்கும் அதே எண் கொண்ட ரிலேதான் இருக்கும் என்பதால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். எண் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிலேயும் நன்றாக இருக்கிறது என்றால் மோட்டாரிடம் போக வேண்டும். மோட்டாரின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய உருளைதான் சொலினாய்டு; சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச் அது. அதில் பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் இறுக்கப்பட்ட முனைக்கு எண் 30. சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் மாட்டிய முனைக்கு எண் 50. உதவியாளர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 50-க்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளவிடுங்கள்.

50-இல் மின்சாரம் வரவில்லை என்றால் மோட்டார் குற்றவாளி இல்லை. அந்த முனையின் சொருகி கழன்றிருக்கிறதா, வயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, சாவிப் பூட்டின் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்சைச் சந்தேகியுங்கள். சாவியைச் சற்று ஆட்டியபடி திருப்பினால் சில சமயம் எடுக்கிறது என்பது அந்தச் சுவிட்ச் தேய்ந்ததற்கு நல்ல அடையாளம். ஸ்டியரிங்கின் கீழே ஏர்பேக் வயர்களும் இருப்பதால் அந்த இடத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே என் வழக்கம்.

50-இல் பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட் வந்தும் மோட்டார் மௌனம் சாதித்தால் கோளாறு சொலினாய்டிலோ, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷிலோ இருக்கிறது. பிரஷ் எப்படி இங்கே வருகிறது என்று கேட்கலாம்: சொலினாய்டின் இரண்டு காயில்களில் வலுவாக இழுக்கும் காயில், மோட்டாரின் வழியாகத்தான் எர்த்தை அடைகிறது. பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நின்றுவிட்டால் அந்த இழுப்பும் இல்லாமல் போகிறது. உதவியாளர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மோட்டாரின் உடலில் மரக்கட்டையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். உடனே எடுத்தால் பிரஷ் முடியும் தறுவாயில் இருக்கிறது. வீடுவரை போகலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது. சுத்தியலால் ஓங்கி அடிப்பது பழைய மோட்டார்கள் தாங்கிய வைத்தியம். இப்போதைய பலவற்றின் உள்ளே இருப்பது நிலைக்காந்தம், அடித்தால் விரிசல் விட்டு நல்ல மோட்டாரும் கெட்டுவிடும்.

30-ஐயும் 50-ஐயும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை, பிறரையும் செய்ய விடுவதில்லை. கியரில் நிற்கும் வண்டி அப்போது ஆள்மேல் பாய்ந்துவிடும். கை தவறினால் தீப்பொறி முகத்துக்கு நேரே தெறிக்கும். அவசியம் என்றால் அழுத்து சுவிட்ச் பொருத்திய தடித்த வயர் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, நியூட்ரலையும் கை பிரேக்கையும் இருமுறை சரிபார்த்துவிட்டு, தள்ளி நின்று அழுத்துங்கள்.

## அறிகுறி: 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு எதுவும் இல்லை

அதிகம் ஏமாற்றுகிற அறிகுறி இதுதான். அதிகமான நல்ல மோட்டார்கள் தூக்கி எறியப்படுவதும் இதனால்தான். ஆகவே சற்று நிதானமாகப் போவோம்.

ஹெட்லைட் நன்றாக மங்கினால் முதலில் ஜம்பர் கேபிள் கொடுத்துப் பாருங்கள். நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சோர்ந்த பேட்டரியின் பாசிட்டிவுக்கும், நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நின்றுபோன வண்டியின் இன்ஜின் உலோகத்துக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பேட்டரிதான் காரணம், அல்லது நீங்கள் இன்ஜினில் நேராகக் கொடுத்த இணைப்பு ஒரு கெட்ட எர்த்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இந்த இரண்டாவது சாத்தியத்தை மறந்துவிட்டுப் புது பேட்டரி வாங்கியவர்கள் உண்டு. ஜம்பர் கொடுத்தும் அசையவில்லை என்றால், இன்ஜினே இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிட்டு, இன்ஜினின் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையில் திருப்புங்கள். அழுத்தத்தை மீறிச் சீராகச் சுழன்றால் இன்ஜின் நலம், மோட்டார்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. சுழல மறுத்தால் நிறுத்திவிடுங்கள். வெள்ளத்தில் ஓட்டிய வண்டி என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். நீர் அழுந்தாது என்பதால் மேலும் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இங்கே மெக்கானிக்கை அழைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாதீர்கள்.

ஹெட்லைட் மங்கவே இல்லை என்றால் கேபிள்களை அளவிட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழின் தலையிலும், மற்றொன்றை மோட்டாரின் 30-ஆம் முனையின் திருகுத் தண்டிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேல் வைக்காமல் ஈயக் குமிழின் மேலேயே வைப்பது முக்கியம். அப்போதுதான் கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கும் அழுக்கும் கணக்கில் வரும். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலிருந்து மோட்டாரின் உடலுக்கு, இங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. என் பழைய காரில் இந்த எர்த் பக்கத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மோட்டாரைக் கழற்றும் முன்பே இதை அளந்திருந்தால் ஒரு கேபிள் செலவோடு முடிந்திருக்கும்.

இரு பக்கக் கேபிள்களும் தேறிவிட்டால் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் இறங்கும் குட்டையான பின்னல் கம்பியைப் பாருங்கள். அந்தக் கம்பி இறுக்கப்பட்ட முனையில் ஒரு புரோபையும் மோட்டாரின் உடலில் மற்றொன்றையும் வைத்துச் செல்ஃப் அடித்தால் இரண்டில் ஒரு விடை வரும். ஏறக்குறைய 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் பிரஷோ ஆர்மேச்சரோ போய்விட்டது. ஒரு வோல்ட்டோ அதற்கும் குறைவோ காட்டினால், சொலினாய்டின் உள்ளிருக்கும் செம்புத் தொடுப்புகள் கருகிவிட்டன. 'டக்' என்று சொலினாய்டின் இரும்புத் தண்டு நகர்கிறது, ஆனால் மின்சாரம் கடக்கவில்லை. பின்னதில் சொலினாய்டை மட்டும் மாற்றினால் போதும்.

## அறிகுறி: 'டகடகடக' என்று வேகமான தொடர்ச் சத்தம்

பத்தில் ஒன்பது தடவை பேட்டரியிலோ டெர்மினலிலோதான் கோளாறு என்பது என் அனுபவம். சொலினாய்டு இழுத்ததும் மோட்டார் மொத்த மின்சாரத்தையும் உறிஞ்ச, வோல்ட் சரிய, சொலினாய்டு கைவிட, வோல்ட் ஏற, மீண்டும் இழுக்க என்று இந்தச் சுற்று ஓடுகிறது. டெர்மினலைத் துலக்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்து, எர்த்தையும் அளந்த பிறகு, செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்றபடியே இந்தச் சத்தம் தொடர்ந்தால், சொலினாய்டின் பிடித்து நிறுத்தும் காயில் அறுந்திருக்கிறது, சொலினாய்டை மாற்றுங்கள்.

பேட்டரி இறங்கியதுதான் காரணம் என்று தெரிந்தால், ஏன் இறங்கியது என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினி அதைக் கூட்டிக் குறைக்கும். எவ்வளவு நேரம் ஓட்டியும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை.

## அறிகுறி: இன்ஜின் சோம்பலாகச் சுழல்கிறது

பேட்டரியும் மேலே சொன்ன இரண்டு கேபிள் அளவீடுகளும் முதலில். அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால், கையேடு சொல்வதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்; குளிர்ந்த காலைகளில் மட்டும் சோம்பல் தெரிந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் சரியாக இருந்து, கிளாம்ப் மீட்டர் வழக்கத்தைவிட மிகுதியான ஆம்பியரைக் காட்டினால், மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் சுற்றியிருக்கும் காந்தங்களில் உரசிக்கொண்டு ஓடுகிறது. சோம்பலாகச் சுழன்றும் ஆம்பியர் குறைவாகவே இருந்தால், தேய்ந்த பிரஷும், அது உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கறுத்திருப்பதும் மின்சாரத்தைத் தடுக்கின்றன. இரண்டுக்கும் மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி: குளிர்ந்திருந்தால் எடுக்கிறது, சூடானால் எடுப்பதில்லை

நீண்ட தூரம் ஓட்டி, ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. அரை மணி கழித்து எதுவும் நடவாதது போல் எடுக்கும். எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போய்ச் சேர்க்கும்போது வண்டி ஆறியிருப்பதால், அவர் பத்து முறை செல்ஃப் அடித்துக் காட்டிவிட்டு நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் சொலினாய்டு காயிலின் தடை சுமார் 30 சதவீதம் கூடிவிடுகிறது. ஏற்கெனவே பலவீனமான காயிலுக்கும் பாதி உப்புப் பூத்த வயருக்கும் அந்த முப்பதே எமன்.

சைலன்சர் குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முந்தைய வேலையில் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். அடுத்து, கோளாறு வந்திருக்கும் அந்த நேரத்திலேயே 50-ஆம் முனையில் அளவிடுங்கள். ஆறிய பிறகு அளப்பதில் பயனில்லை. அங்கே பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வயர், ரிலே, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறையவில்லை என்றால் சொலினாய்டு.

## அறிகுறி: மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

இங்கே மின்சாரத்தில் குறையில்லை. பேட்டரியைத் தொட வேண்டாம். பெண்டிக்ஸ் என்று நாம் அழைக்கும், முன்னே நகர்ந்து இன்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலைப் பிடிக்கும் சிறு பல்சக்கரம் நகராமல் நின்றிருக்கலாம், அல்லது நகர்ந்தும் அதன் ஒருவழிக் கிளட்ச் வழுக்கலாம். கழற்றி எடுத்து அந்தப் பல்சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் தாராளமாகச் சுற்றி, மறுபக்கம் ஆர்மேச்சரையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரு பக்கமும் வெறுமனே சுற்றினால் பெண்டிக்ஸை மட்டும் மாற்றலாம். தண்டில் பிசுக்கும் கிளட்ச் தூளும் சேர்ந்து இறுகியிருந்தால் துடைத்து எடுப்பதே போதுமானதாக இருக்கும். அந்த இடத்தில் கிரீஸைக் குழைத்துப் பூசாதீர்கள். தூள் அதில் ஒட்டி மீண்டும் சிக்கும்.

## அறிகுறி: 'கரகர' என்று பல்லைக் கடிப்பது போன்ற சத்தம்

மோட்டாரின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் இறுக்கிப் பாருங்கள். அதற்கடுத்த சந்தேகம் பெண்டிக்ஸ் பற்களின் தேய்மானம். மூன்றாவதுதான் பர்ஸைக் காலி செய்வது: ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரின் பற்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது அழுத்தம் தடுப்பதால் பெரும்பாலும் ஃப்ளைவீலின் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே பெண்டிக்ஸ் அந்த இரண்டு இடத்துப் பற்களையே ஆண்டுக்கணக்கில் கடித்துக் கொண்டிருக்கும். சத்தம் சில சமயம் மட்டும் வருகிறது என்றால், வந்த உடனே சாவியை அணைத்து, நான்காவது கியரில் போட்டு வண்டியைச் சிறிது முன்னுக்குத் தள்ளி, நியூட்ரலுக்கு வந்து மீண்டும் முயலுங்கள். இப்போது சத்தமில்லாமல் எடுத்தால் ரிங் கியர்தான். அதை மாற்ற கியர் பெட்டியை இறக்க வேண்டும். வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

## அறிகுறி: சாவியை விட்ட பிறகும் மோட்டார் நிற்கவில்லை

அளப்பதற்கு இப்போது நேரமில்லை. சாவியை அணையுங்கள், அப்படியும் சுற்றினால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். தாமதித்தால் கேபிள் உருகும். இணைப்பைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் ஸ்டார்ட்டர் ரிலேயைப் பிடுங்கி வையுங்கள். ரிலே இல்லாமலும் மோட்டார் சுற்றினால் சொலினாய்டின் தொடுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சுற்றாவிட்டால் ரிலேயோ இக்னிஷன் சுவிட்சோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி: நன்றாகச் சுழல்கிறது, ஆனால் இன்ஜின் பற்றவில்லை

ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. எரிபொருள், ஸ்பார்க், இம்மொபிலைசர் பக்கம் போங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல், வழக்கத்தைவிட இலேசாகவும் வேகமாகவும் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி செல்ஃப் அடிக்காமல் வண்டியை இழுத்துச் செல்லுங்கள்.

## மோட்டாரை மாற்றுதல்

மோட்டார்தான் என்று அளவீடுகள் ஒருமுகமாகச் சொன்ன பிறகே இங்கே வர வேண்டும். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் தேவைப்படும் வண்டி என்றால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, தானாக வந்து தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்குங்கள். 30-ஆம் முனைக்குச் செல்லும் கேபிளில் பேட்டரியின் முழு மின்சாரமும் எப்போதும் நிற்பதால், இதைத் தவறவிட்டால் ஸ்பேனரே உருகி ஒட்டிக்கொள்ளும்.

வயர்கள் எப்படி மாட்டப்பட்டிருந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். 30-இன் நட்டையும் 50-இன் சொருகியையும் கழற்றுங்கள். மோட்டாரைக் கியர் பெட்டியின் கூட்டோடு பிணைக்கும் போல்ட்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். மேல் போல்ட் கைக்கு எட்டாத மூலையில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும், அதற்கு நீண்ட எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் வேண்டும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் கைமுட்டி தப்பிக்கும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மறு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள். சிறியதாகத் தெரிந்தாலும் மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும், முகத்துக்கு நேர் மேலே தொங்கும். இடையில் மெல்லிய தகட்டு ஷிம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்தத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, ஸ்பேனரால் இன்ஜினை மெதுவாக முழுச்சுற்றுச் சுற்றவிட்டு ரிங் கியரின் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் புது மோட்டாரின் பெண்டிக்ஸை உடைந்த பற்களுக்குத் தின்னக் கொடுப்பீர்கள்.

பழையதைத் திறந்து பார்ப்பதும் தகும். கம்யூட்டேட்டர் வழவழப்பாக இருந்து, பிரஷ்கள் மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிய பிரஷ்களோடு அதுவே இன்னும் சில ஆண்டுகள் ஓடும். கம்யூட்டேட்டரில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஆர்மேச்சரில் உரசிய தடமோ கருகிய வாடையோ இருந்தாலோ முழு மோட்டாரையும் மாற்றிவிடுங்கள். புதியதைப் பழையதன் பக்கத்தில் படுக்க வைத்து, பல்லின் எண்ணிக்கை, மூக்கின் நீளம், போல்ட் துளைகளின் இடம், சுழலும் திசை ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள்.

பொருத்துவதற்கு முன் மேசையில் ஒரு சோதனை: மோட்டாரை வைஸில் நன்றாக இறுக்கி, ஜம்பர் கேபிளால் பேட்டரியின் பாசிட்டிவை 30-க்கும் நெகட்டிவை மோட்டாரின் உடலுக்கும் கொடுத்து, 30-இலிருந்து 50-க்கு அழுத்து சுவிட்ச் வயரால் ஒரு நொடி தொடுங்கள். பல்சக்கரம் சட்டென்று முன்னே பாய்ந்து சுற்ற வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு செய்தால் மோட்டார் முறுக்கிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிவிடும்.

மோட்டார் உட்காரும் உலோகப் பரப்பே அதன் எர்த். அதில் பெயிண்ட்டோ துருவோ எண்ணெயோ இல்லாதபடி உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். போல்ட்களை முதலில் கையால் இழையோட்டி, பிறகு சேவைக் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். 30-இன் நட்டில் மட்டும் பலத்தைக் காட்ட வேண்டாம். அந்தச் செம்புத் தண்டு ஒரு பிளாஸ்டிக் மூடியில் நிற்கிறது, அளவுக்கு மீறினால் தண்டே திரும்பி உள்ளிருக்கும் இணைப்பு அறுந்துவிடும். கேபிளின் வளையம் பக்கத்து உலோகத்தைத் தொடவில்லை என்று பார்த்து, ரப்பர் மூடியைப் போட்டு, கழற்றிய வெப்பத் தகட்டைத் திரும்ப மாட்டிய பிறகு, கடைசியாக பேட்டரியின் நெகட்டிவை இணையுங்கள்.

ஆரம்பத்தில் கழற்றி வைத்த எரிபொருள் பம்பின் ஃபியூஸை மாட்டுவதற்கு முன் மூன்று அளவுகளை மீண்டும் எடுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் வோல்ட், பாசிட்டிவ் கேபிளின் இழப்பு, எர்த்தின் இழப்பு. நான் இவற்றைத் தேதியோடு ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். இப்போது ஓடும் காரில் அது '10.8, 0.2, 0.1' என்று இருக்கிறது. அடுத்த முறை செல்ஃப் தயங்கினால், அந்த மூன்றில் எது மாறியிருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்குவேன்.